நூலுக்கு ரயில், காகிதத்துக்கு விடிகாலை: வேலைக்குப் போய்க்கொண்டே கைவேலை செய்வதற்கான முழு வழிகாட்டி

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மதியம். கூடத்தில் தரையில் உட்கார்ந்து குவில்லிங் ஸ்ட்ரிப்புகளை, அதாவது சுருட்டி உருவம் செய்யும் மெல்லிய காகிதப் பட்டைகளை, நிறம் நிறமாகப் பிரித்து வரிசையாக வைத்திருந்தேன், கிட்டத்தட்ட அரைமணி நேர வேலை. வெயிலில் அலைந்துவிட்டு வந்த என் மாமியார் உள்ளே நுழைந்ததும் யாரும் செய்வதைத்தான் செய்தார், ஃபேனைப் போட்டார், அதுவும் ஐந்தில் வைத்து. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அன்று ராத்திரி ரசத்தில் கறிவேப்பிலை என்று ஒதுக்கி வைத்தது பச்சை ஸ்ட்ரிப் என்று என் பையன்தான் கண்டுபிடித்தான்.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்த வழிகாட்டிக்கே அடிப்படை. நூல் வேலையும் காகித வேலையும் "கைவேலை" என்று ஒரே பெயரில் போனாலும் இரண்டுக்கும் குணம் வேறு வேறு. கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே ஃபேனுக்குப் பயப்படாது, ஆட்டத்துக்குப் பயப்படாது, பாதியில் நிறுத்தி பையில் போட்டால் அப்படியே கிடக்கும். காகிதம் அப்படி இல்லை, அதற்கு மேசை வேண்டும், காற்றில்லாத அறை வேண்டும், பசை காயும்வரை யாரும் தொடக்கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் செய்யப் பார்த்துத்தான் நான் இரண்டு வருடம் எதையும் முடிக்காமல் இருந்தேன். ஆசை இருக்கிறது, நேரம் இல்லை என்று சொல்கிறவர்கள் முதலில் நேரத்தைத் தேட வேண்டாம். எந்த வேலைக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று பிரித்துப் பாருங்கள், போதும்.

முதலில் நாளைப் பிரியுங்கள்

ஒரு தாளில் உங்கள் நாளை எழுதுங்கள். கை சும்மா இருக்கிற நேரம் எது, மேசை சும்மா இருக்கிற நேரம் எது என்று இரண்டு பத்தி போடுங்கள். எனக்குக் கை சும்மா இருப்பது தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை போகும் மின்சார ரயிலில், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, போக ஒன்று வர ஒன்று. செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் ஏறினால் நிற்கத்தான் முடியும், அதனால் தாம்பரத்திலிருந்தே கிளம்பும் வண்டியாகப் பார்த்து ஏறுவேன். பத்து நிமிடம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பினால் உட்கார இடமும் கிடைக்கும், போர்வைக்கான ஒரு குரோஷே சதுரமும் முடியும். சாயங்காலம் கடற்கரையில் ஏறுவதால் அந்தக் கவலை இல்லை.

மேசை சும்மா இருப்பது காலை ஐந்தேகால் முதல் ஆறு வரை. அந்த நேரத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியும் என்பதுதான் முக்கியமான காரணம், மற்றபடி நான் விடிகாலையில் எழுவதில் பெருமைப்படுகிற ஆள் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் இப்படி உட்கார்ந்தால் போதும்.

டிவி பார்க்கிற நேரம், டாக்டரிடம் டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கிற நேரம், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிற நேரம், இதெல்லாம் நூலுக்கு. சமையலுக்கு நடுவில் கிடைக்கிற பத்துப் பத்து நிமிடங்களை நம்ப வேண்டாம், எண்ணெய்க் கையோடு வெள்ளை நூலைத் தொட்டால் அந்தக் கறை போகவே போகாது.

அப்புறம் வருடத்தையும் பிரியுங்கள்

இதை யாரும் சொல்லித்தரவில்லை, கெட்டுப்போன பொருள்கள் சொல்லித்தந்தன. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், காற்றில் ஈரம். அப்போது காகிதம் தொய்ந்துவிடும், இறுக்கிச் சுற்றிய குவில்லிங் சுருள் தானாக அவிழும், ஃபெவிகால் காய வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், வார்னிஷ் அடித்தால் பால் மாதிரி மங்கலாகப் படியும். ஐப்பசி கார்த்திகையில் காகிதத்தை மூடி வைத்துவிட்டுப் பின்னுங்கள். கத்திரி வெயிலில் இதற்கு நேர்மாறு. மடியில் பாதி முடிந்த போர்வை கிடந்தால் தொடையெல்லாம் வேர்க்கும், கை ஈரத்தில் அக்ரிலிக் என்ற செயற்கை நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகராது. மே மாதத்தில் நூல் வேலை என்றால் பருத்தி நூலில் சின்னச் சின்னப் பூ, சாவிக்கொத்து, அவ்வளவுதான். காகிதம் அப்போது மொடமொடவென்று அருமையாக மடியும்.

கொலுவுக்குக் காகித பொம்மைகள் செய்கிற ஆசை இருந்தால் ஆடியிலேயே முடித்துவிடுங்கள். நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்னால் ஆரம்பித்து, மழை பிடித்துக்கொண்டு, ஹேர் டிரையரால் பொம்மைக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்த வருடம் எனக்கு உண்டு.

வாங்கப் போகும்போது

என் அலுவலகம் பாரிமுனைப் பக்கம் என்பது வரமா சாபமா என்று என் பர்ஸைத்தான் கேட்க வேண்டும். காகிதத்துக்கு ஆண்டர்சன் தெருவும் பந்தர் தெருவும், மணி, கம்மல் கொக்கி, வளையம் போன்ற ஃபேன்ஸி சாமான்களுக்குக் காசி செட்டி தெருவும். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு நடை போனால் தெரியும், ஒரே பொருள் வீட்டுப் பக்கத்துக் கடையில் விற்கும் விலைக்கும் இங்கே மொத்தமாக வாங்கும் விலைக்கும் எவ்வளவு தூரம் என்று. ஆனால் மொத்தமாக வாங்குவதில்தான் மாட்டிக்கொள்வோம். புதிதாக ஆரம்பிக்கிறவர் முதல் தடவை வாங்க வேண்டியது இவ்வளவுதான்: 3.5 மி.மீ. குரோஷே ஊசி ஒன்று, வெளிர் நிறத்தில் உல்லன் நூல் 100 கிராம், மழுங்கிய முனையுள்ள பெரிய கண் ஊசி ஒன்று, 5 மி.மீ. குவில்லிங் ஸ்ட்ரிப் ஒரு கட்டு, பிளவு உள்ள குவில்லிங் ஊசி, ஒரு சின்ன ஃபெவிகால். கறுப்பு நூலை முதலில் வாங்காதீர்கள், கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பத்து ஊசி கொண்ட செட்டும் வேண்டாம், அதில் எட்டை நீங்கள் தொடவே போவதில்லை.

நூல் வாங்கும்போது "உல்லன்" என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான், ஆட்டு ரோமத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தப்பில்லை, நம் ஊர் வெயிலுக்கும் வாஷிங் மெஷினுக்கும் அக்ரிலிக் நன்றாகவே தாங்கும். ஆனால் எது எது என்று தெரிந்திருக்க வேண்டும். லேபிள் கிழிந்துபோன உருண்டை கையில் இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, கழுவும் தொட்டி மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சட்டென்று எரிந்து பொடிச் சாம்பலாகும். நிஜ உல்லன் தலைமுடி கருகுகிற நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்தால் தானே அணையும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். இந்தச் சோதனை எதற்கு என்றால், சூடான பாத்திரம் பிடிக்கும் துணியையோ குக்கருக்கு அடியில் வைக்கும் மெத்தையையோ அக்ரிலிக்கில் பின்னினால் அது கையிலேயே உருகும். அடுப்படிக்குப் போகிற எதுவும் பருத்தி நூல்தான்.

லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று ஒன்று இருக்கும். சாயத் தொட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரே நிற எண், வேறு லாட் என்றால் கடை வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது, பின்னி முடித்து ஜன்னல் பக்கம் விரித்தால் நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும். ஆகவே ஒரு வேலைக்குத் தேவையான நூல் மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே லாட்டில் வாங்குங்கள்.

எவ்வளவு தேவை என்று எப்படித் தெரியும்? சமையலறைத் தராசு. ஒரே ஒரு சதுரத்தை வைத்தால் தராசு சரியாகக் காட்டாது, ஆறு பின்னி ஒன்றாக வையுங்கள். எனக்கு ஆறுக்கு 31 கிராம் வந்தது, ஒன்றுக்கு ஐந்து கிராம் சொச்சம். குழந்தைப் போர்வைக்கு 6க்கு 8 என்று 48 சதுரம், 250 கிராம். இணைக்கவும் ஓரம் கட்டவும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 300 கிராம். உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பதைப் பொறுத்து இது மாறும், அதனால் என் கணக்கைக் கொண்டு போகாமல் உங்கள் ஆறு சதுரத்தை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

காகிதத்துக்கு எடைதான் மொழி. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பது. ஏ0 என்ற பெரிய தாள் சரியாக ஒரு சதுர மீட்டர், அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4, அதாவது பதினாறில் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. இது தெரிந்தால், பெயரில்லாத காகிதத்தையும் தராசில் வைத்து ஜிஎஸ்எம் கண்டுபிடித்துவிடலாம். மடிக்கிற ஓரிகாமிக்கு 60 முதல் 80, குவில்லிங்குக்கு 120 சுமார், வாழ்த்து அட்டைக்கு 200க்கு மேல். ஜெராக்ஸ் தாளையும் லேசாக நினைக்காதீர்கள். கரூர் பக்கம் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது, பயிற்சிக்கு அந்த மாதிரித் தாளே தாராளம். பணம் செலவழிக்க ஆசையாக இருக்கும் நாளில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் வாங்குங்கள், 1959 முதல் செய்கிறார்கள், பருத்தித் துணிக் கழிவிலிருந்து. நூல் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம், அதுவும் கடைசியில் பருத்திதானே.

இன்னொன்று, காகிதத்துக்கு நாரோட்டம் உண்டு. தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளையும் திசையில் மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி விழும், எதிர்த் திசையில் மடித்தால் அட்டை வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிடுங்கள். பழைய ஏடிஎம் கார்டால் மடிப்பைத் தேய்த்தால் போதும், இதற்கென்று விற்கும் கருவிகளை நான் வாங்கியதில்லை.

ரயில் பை

ஒரு சின்ன ஜிப் பை. உள்ளே ஒரே ஒரு வேலை, ஒரே ஒரு நூல் உருண்டை, ஊசி, சேஃப்டி பின் நான்கு, மழுங்கல் முனைக் குட்டிக் கத்தரி. இரண்டு வேலைகளை எடுத்துக்கொண்டு போனால் எதைச் செய்யலாம் என்று யோசிப்பதற்குள் கிண்டி வந்துவிடும். உருண்டையின் வெளி முனையை விட்டுவிட்டு நடுவிலிருந்து இழுங்கள், அப்போதுதான் பையிலிருந்து உருண்டு இருக்கைக்கு அடியில் ஓடாது. ஒரு முறை என் மஞ்சள் உருண்டை மகளிர் பெட்டியின் அடுத்த கோடி வரை போய், பூக்கார அக்கா காலில் சுற்றி, அவர் சிரித்துக்கொண்டே சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். ஊசி பின்னலிலிருந்து நழுவாமல் இருக்க, இறங்கும் முன் கடைசிக் கண்ணியைச் சேஃப்டி பின்னில் மாட்டுங்கள்.

ரயிலுக்கு எண்ணிக்கை மறந்தாலும் கெடாத வேலையாக எடுங்கள். கிரானி ஸ்கொயர்தான் இதற்கு ராஜா. நான்கு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு வளையமாக இணைக்கவும். மூன்று செயின், அது ஒரு டபுளுக்கு, அதாவது நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிப் போடும் உயரமான கண்ணிக்குச் சமம், கூடவே வளையத்துக்குள் இரண்டு டபுள், இது ஒரு கொத்து. மூன்று செயின் மூலைக்கு. மறுபடி மூன்று டபுள், மூன்று செயின், இப்படி நான்கு கொத்து நான்கு மூலை வந்ததும் இணைத்துவிடவும். இரண்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் ஒரு கொத்து, மூன்று செயின், ஒரு கொத்து. பக்கவாட்டு இடைவெளிகளில் ஒவ்வொரு கொத்து. கொத்துகளுக்கு நடுவே ஒரு செயின். சுற்றுக்கு நான்கு கொத்து கூடும்: 4, 8, 12, 16. சந்தேகம் வந்தால் கொத்தை எண்ணுங்கள், எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். எனக்குச் சானடோரியத்தில் வளையம் போட்டால் கிண்டிக்குள் நான்கு சுற்று முடியும். முதல் மாதம் எழும்பூர் வந்தாலும் முடியாது, பரவாயில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் இடறி விழுவார்கள், நானும் விழுந்தேன். அமெரிக்கக்காரர்கள் சிங்கிள் என்று சொல்லும் குட்டைக் கண்ணியை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் பிரிட்டிஷில் டிரெபிள். யூடியூபில் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு, ஆனால் உங்கள் பெரியம்மா கான்வென்ட்டில் கற்றுக்கொண்டது அனேகமாக பிரிட்டிஷ் கணக்காக இருக்கும். இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு ஒரு தொப்பி பின்னினால் ஆறு மாதக் குழந்தைக்கு ஆரம்பித்தது அப்பாவுக்குச் சரியாக இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: செய்முறையில் எங்காவது "சிங்கிள்" என்ற சொல் வந்தால் அது அமெரிக்கக் கணக்கு, பிரிட்டிஷ் முறையில் அந்தச் சொல்லே இல்லை. மேலே நான் சொன்ன டபுளும் அமெரிக்க டபுள்தான்.

ரயிலில் பின்னினால் பேச்சுக் கொடுப்பார்கள். "அக்கா, ஸ்வெட்டரா? சென்னையில யார் போடப் போறா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 2016 ஜனவரியில் இதே சென்னையில், மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டருக்குக் குரோஷே போர்வை விரித்து கின்னஸ் சாதனை செய்தது. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர். குளிருக்காகவா செய்தார்கள்? கேட்டவர் வாயை மூடுவார், இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆரம்பிப்பார். இதுவரை மூன்று பேர் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் இப்போது என்னைவிட நன்றாகப் பின்னுகிறார், எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

விடிகாலை மேசை

விளிம்புள்ள எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றைக் காகிதத்துக்கென்றே ஒதுக்குங்கள். வேலை முழுக்க அதற்குள்தான். ஆறு மணிக்கு யாராவது எழுந்து வந்தால் தாம்பாளத்தை அப்படியே தூக்கி பீரோ மேலே வைத்துவிடலாம், எதையும் பிரித்து அடுக்க வேண்டியதில்லை. பசையை டப்பாவிலிருந்து நேராகத் தொடாமல் ஒரு பாட்டில் மூடியில் நான்கு சொட்டு விட்டுக்கொண்டு பல்குத்தும் குச்சியால் தொட்டு வையுங்கள். காகித வேலை அசிங்கமாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் பசை அதிகமாவதுதான்.

முதல் வேலையாக ஒரு ஜோடி ஜிமிக்கி செய்யலாம், ஏனென்றால் அதில் சுற்றுவது, வடிவம் கொடுப்பது, இறுக்குவது மூன்றும் வந்துவிடும். சுமார் 45 செ.மீ. நீளமுள்ள ஸ்ட்ரிப் ஐந்தை முனையோடு முனை ஒட்டி ஒரே நீள நாடாவாக்குங்கள். நிறம் மாற்றி ஒட்டினால் வளையம் வளையமாக வரும். ஊசிப் பிளவில் முனையைச் செருகி, விரலால் மட்டம் பார்த்துக்கொண்டே இறுக்கமாகச் சுற்றி, கடைசி முனையை ஒட்டுங்கள். இரண்டு செ.மீ. அகலத்தில் ஒரு தட்டு கிடைக்கும். அதை ஒரு பெரிய கோலிக்குண்டின் மேல் வைத்து, கட்டைவிரல்களால் ஓரத்திலிருந்து மெதுவாகக் கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள், தட்டு குடையாக இறங்கும். அவசரப்பட்டு நடுவில் குத்தினால் சுருள் ஸ்பிரிங் மாதிரி உருவிக்கொண்டு வந்துவிடும், அப்புறம் திரும்பச் சுற்ற வேண்டியதுதான். உருவம் சரியாக வந்ததும் உள்பக்கம் மட்டும் ஃபெவிகாலைப் பூசி, மறுநாள் காலை வரை விட்டுவிடுங்கள். மறுநாள் இன்னொரு பூச்சு. இரண்டு ஜிமிக்கியையும் ஒரே நாளில், ஒரே நீள ஸ்ட்ரிப்பில் செய்யாவிட்டால் ஒன்று குண்டாகவும் ஒன்று ஒல்லியாகவும்தான் வரும்.

மூன்றாம் நாள் வார்னிஷ். நிறமில்லாத நெயில் பாலிஷும் போதும், ஆனால் சில காகிதங்களில் சாயம் கசியும், ஒரு துண்டில் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அது காய்ந்ததும் நடு ஓட்டை வழியாக ஒரு கண் வைத்த கம்பியை விட்டு, கீழே ஒரு மணி, மேலே கம்மல் கொக்கி. வேர்வை பட்டால் கொஞ்ச நாளில் தளரும் என்பதைப் பரிசு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டே ஒருத்தி குளித்துவிட்டு வந்து கூழை என் கையில் கொடுத்தாள்.

இரண்டும் சேரும் இடம்

எந்த வீட்டிலும் தீராமல் கிடைக்கும் நல்ல அட்டை கல்யாணப் பத்திரிகை. முகூர்த்த மாதம் முடிந்ததும் சேர்த்து வையுங்கள், சாமி படம் உள்ள பக்கத்தை வெட்டினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும், அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் இரண்டு பக்கமும் வாய் வெட்டிய சின்ன அட்டைகள் செய்தால் மிச்ச நூல் சுற்றி வைக்கலாம். அதன் மேலேயே லாட் எண்ணையும் எந்த ஊசி என்பதையும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கு நீங்களே நன்றி சொல்வீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அட்டையில் ஓரம் பின்னுவது. அட்டையைச் சதுரமாக வெட்டி, விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே, ஒரு செ.மீ. இடைவெளியில் ஓட்டைகள் போடுங்கள். பெரிய கண் ஊசியால் அந்த ஓட்டைகள் வழியே காஜா தையல் மாதிரி நூலைக் கோத்துவிட்டு, விளிம்பில் வரும் அந்த நூல் மேலே குரோஷே போடலாம், ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டு சிங்கிள், மூலைக்கு நான்கு. அதற்கு மேல் விசிறி மாதிரிப் பூ ஓரம். இப்படி ஆறு அட்டைகளைச் சேர்த்தால் ஒரு பெட்டி. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க நான் வருடம் பத்துப் பெட்டி செய்கிறேன். ஓட்டைகளை விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டால் இழுக்கும்போது கிழியும், அது ஒன்றுதான் எச்சரிக்கை.

பாதுகாத்து வைப்பது

நூலுக்குப் பூச்சி, காகிதத்துக்கு ஈரமும் ராமபாணப் பூச்சியும். அக்ரிலிக்கைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது, நிஜ உல்லன் இருந்தால் தனி டப்பாவில் வையுங்கள். அந்துருண்டை வாசனை பின்னலை விட்டுப் போகவே போகாது என்பதால் நான் துணி முடிச்சில் வசம்பும் காய்ந்த நொச்சி இலையும் வைக்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். காகிதத்தைப் படுக்கவைத்து, காற்றுப் புகாத டப்பாவில், மருந்துப் பாட்டிலிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு மூடிவிடுங்கள். வீட்டில் காய்ச்சும் மைதாப் பசை பூச்சிகளுக்குப் பாயசம். பைண்டிங் செய்கிறவர்கள் அதில் மயில்துத்தம் சேர்ப்பதே அதற்காகத்தான், ஆனால் அது விஷம், பிள்ளைகள் புழங்கும் வீட்டில் வேண்டாம்.

இடத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கு ஒரு டிரங்குப் பெட்டி. மூடி மூடவில்லை என்றால் கடைக்குப் போகக்கூடாது. இதை நான் எப்போதும் கடைப்பிடிக்கிறேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

கை, கண், காசு

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மூடுங்கள். கட்டைவிரல் அடியில் வலி வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஊசிப் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் அழுத்தம் குறையும். கறுப்பு, கருநீல நூல்களைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள், மடியில் வெள்ளைத் துண்டு விரித்தால் கண்ணி நன்றாகத் தெரியும்.

பாதியில் நிற்கும் வேலைகள் மூன்றுக்கு மேல் போகக்கூடாது, நூலில் இரண்டு, காகிதத்தில் ஒன்று. நான்காவது ஆசை வந்தால் மூன்றில் ஒன்றை முடிக்கணும், இல்லையென்றால் பிரித்து நூலாக்கணும். பிரிப்பது தோல்வி மாதிரி இருக்கும். ஆனால் எட்டு மாதம் பையில் கிடந்த சால்வையைப் பிரித்த அன்று எனக்கு வந்த நிம்மதியை அளந்து சொல்ல முடியாது.

"எனக்கும் ஒன்னு பண்ணிக் குடேன்" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பிறந்த குழந்தைக்கு என்றால் செய்துகொடுங்கள். மற்றவர்களிடம் நூல் வாங்கித் தரச் சொல்லுங்கள், பாதிப்பேர் அதோடு மறந்துவிடுவார்கள். விற்க நினைத்தால் பொருள் செலவோடு மணிக்கணக்கையும் எழுதுங்கள். ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கிறது, குரோஷேவை அப்படித் தொழிற்சாலையில் அடித்துத் தள்ளுகிற மெஷின் கிடையாது, கடையில் தொங்கும் குரோஷே ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையில் பின்னியது. நாகர்கோவில் பக்கத்தில் கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த பெண்கள் 1820களிலேயே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து அதை விற்றார்கள், அங்கிருந்து திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்கும் போயிற்று. பெண்களின் கைவேலைக்குக் காசு என்பது அவ்வளவு பழைய விஷயம். நமக்கு இன்னமும் விலை சொல்லக் கூச்சம். போன மாதம் அலுவலகத் தோழி ஒருத்தி குழந்தைப் போர்வைக்கு விலை கேட்டபோது நான் மணிக்கணக்கு எழுதிய தாளை நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நெற்றியைச் சொறிந்துகொண்டு போனாள். மறுநாள் முன்பணத்தோடு வந்தாள், நீல நிறம் வேண்டுமாம். இன்று காலை ரயிலில் பதினேழாவது சதுரம் முடிந்தது.